இருட்டிலும் நேரம் சொல்லும் மணிக்கூடு



வீட்டுக்கு மணிக்கூடு வாங்கப் போனால் எதைப் பார்க்கிறோம்? நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கிறோம். விலையைக் கேட்கிறோம். அலாரம் அடிக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்க்கிறோம். எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடக்கிற காரியங்கள். ஆனால் தலைமாட்டில் வைக்கிற மணிக்கூட்டுக்கு வேலை இரவில்தான். விளக்கைப் போடாமல், பாதித் தூக்கத்தில் கண் திறக்கும்போது அது சரியான நேரத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சோதித்து வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மலைநாட்டில் இது சின்ன விஷயமல்ல. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களிலும் எத்தனையோ காலைகளில் மூடுபனி ஜன்னலை அடைத்து நிற்கும். பனி இல்லாவிட்டால் கிழக்கே மலை மறைக்கும். எட்டிப் பார்த்து வைகறையை அறிவது எளிதல்ல. பட்டணத்தைவிட்டுத் தள்ளி, தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிற வீடுகளுக்குப் பாங்கோசை எட்டுவதும் எப்போதும் நிச்சயமில்லை. நமது நாட்டில் ஸுபஹ் நேரம் ஏறக்குறைய நாலரை மணிக்கும் ஐந்தே காலுக்கும் இடையில் வருடம் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டி, சமைத்து, பிள்ளைகளையும் பார்க்கிற தோட்டத்துப் பெண்களுக்கும் விடியுமுன் நேரம் தெரியத்தான் வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் வைகறையை ஒட்டி இரண்டு பாங்குகள் சொல்லப்பட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவு முடியுமுன் தூங்குகிறவர்களை எழுப்பும். ஸஹர் உணவை நிறுத்த வேண்டியது இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்குக்குத்தான். அவர் கண்பார்வை இல்லாதவர். விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பிறகே பாங்கு சொல்வார். எழுப்புவது ஒரு வேலை, நேரத்தைச் சரியாக அறிவிப்பது வேறு வேலை. நமது மணிக்கூட்டில் அலாரம் முதல் வேலையைச் செய்கிறது. இரண்டாவது வேலையை அதன் முகம் செய்ய வேண்டும். இருட்டில் பார்க்க முடியாத நமக்கு அதுதான் சொல்லித் தருகிற ஆள்.

அந்த முகம் தவறாகச் சொன்னால் என்ன நடக்கும்? மணி முள்ளும் நிமிட முள்ளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கிற மணிக்கூட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி இருபது நிமிடத்தை இருட்டில் நாலு மணி பத்து நிமிடமாகப் பார்த்துவிடலாம். முள்கள் இடம் மாறிய மாதிரித் தெரிவதுதான் காரணம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு நடுஇரவு பன்னிரண்டு மணிக்குப் பரசிற்றமோல் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த வேளைக்குக் குறைந்தது நாலு மணித்தியாலம் போக வேண்டும். இரண்டு இருபதை நாலு பத்து என்று பார்த்தால் மருந்து முன்கூட்டியே போய்விடும். மறுபுறம், ஸஹர் வேளையில் நாலு பத்தை இரண்டு இருபது என்று பார்த்தால் திரும்பவும் படுத்துவிடுவோம். வீட்டில் எல்லோருடைய ஸஹரும் போய்விடும்.

ஆகவே முதலில் முள்களைக் கவனியுங்கள். ஒன்று கட்டையாகவும் தடிப்பாகவும், மற்றது நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்க வேண்டும். ஒளிரும் பூச்சு இலக்கங்களில் மட்டுமன்றி முள்களிலும் இருக்க வேண்டும். பன்னிரண்டு இருக்கும் இடத்தில் தனி அடையாளம் இருந்தால் இன்னும் நல்லது. இருட்டில் கையில் எடுக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதுதான் காட்டும்.

ஒளிரும் பூச்சு என்றதும் நாம் 'ரேடியம்' என்போம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. 1898இல் கண்டுபிடிக்கப்பட்ட ரேடியத்தைக் கலந்து மணிக்கூட்டு முகங்களுக்கு மை தயாரித்தார்கள். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இளம் பெண்கள் அந்த மையால் இலக்கங்களை எழுதினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மை உடம்புக்குள் போய் எலும்பில் தங்கியது. தாடை அழுகியது, பலர் இறந்தார்கள். கிரேஸ் பிரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் வழக்குத் தொடர்ந்து 1928இல் நட்டஈடு பெற்றார்கள். தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

இன்று கடைக்கு வருகிற மணிக்கூடுகளில் ரேடியம் இல்லை. ஆனால் 1970களுக்கு முந்திய பழைய அலாரம் மணிக்கூடு உங்கள் அலுமாரியில் கிடந்து, அதன் இலக்கங்களில் மஞ்சளோ பழுப்போ பூச்சு இருந்தால் கவனம் தேவை. அது இப்போது ஒளிராமல் இருக்கலாம். ஒளிரும் பொருள் தேய்ந்து போகும், ரேடியமோ பாதியாகவே 1600 வருடங்கள் எடுக்கும். அதைக் கழற்ற வேண்டாம், சுரண்ட வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம்.

இப்போதைய பூச்சு வெளிச்சத்தைக் குடித்து வைத்து இருட்டில் திருப்பித் தருவது. பழைய வகையான சிங்க் சல்பைட் சீக்கிரம் மங்கிவிடும். படுக்கும்போது பளிச்சென்று இருப்பது நமக்குத் தேவையான நாலு மணிக்குத் தெரியாது. 1993இல் ஜப்பானில் உருவான ஸ்ட்ரோன்சியம் அலுமினேட் வகை பல மணித்தியாலம் நிற்கும். எந்த வகையானாலும் அது முதலில் வெளிச்சம் குடிக்க வேண்டும். கட்டிலின் நிழலில் மறைத்து வைத்தால் பயனில்லை.

மின்சாரத்தில் ஓடுகிற இலக்க மணிக்கூடுகள் இருட்டில் மிகத் தெளிவு. ஆனால் நமது நாட்டில் கரண்டை நம்பலாமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது, அடுத்த சில நாட்களில் ரமழான் பிறந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போய் வந்தால் சில மணிக்கூடுகள் பன்னிரண்டு மணியைக் காட்டி மினுங்கிக்கொண்டிருக்கும், வைத்த அலாரமும் போயிருக்கும். வாங்குவதானால் உள்ளே பெட்டரி போடுகிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் சிவப்பாக, வெளிச்சம் குறைக்கக் கூடியதாக இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தூக்கத்துக்கு வேண்டிய மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கும். சிவப்பினால் அந்தக் கெடுதி மிகக் குறைவு. கையடக்கத் தொலைபேசியைத் தலைமாட்டில் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். நேரம் பார்க்க எடுத்தவர் செய்திகளையும் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். தூக்கம் போய்விடுகிறது.

உம்ரா போனவர்கள் கொண்டு வருகிற பாங்கு மணிக்கூட்டையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஊரை இலங்கைக்கு மாற்றி, நமது நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளக்கு இல்லாத சாம்பல் திரையாக இருந்தால் இரவில் அது வெறும் கண்ணாடிதான்.

அப்படியானால் எது நல்லது? சாதாரண பெட்டரியில் ஓடுகிற, முள்கள் ஒளிர்கிற, தலையில் தட்டினால் சின்ன விளக்கு எரிகிற அலாரம் மணிக்கூடு நம் மலைநாட்டு வீட்டுக்குப் போதும். கரண்ட் போனாலும் அது நிற்காது, பூச்சு மங்கினாலும் விளக்கு இருக்கிறது. கண் மங்கிய வயதான உம்மாமாருக்குப் பெரிய இலக்கம் உள்ளதைத் தேடுங்கள். கடையில் வாங்குமுன் அதை உங்கள் குளிர்ச்சட்டைக்குள் வைத்து, மூடி, உள்ளே எட்டிப் பாருங்கள். அங்கே தெரியாத நேரம் இரவிலும் தெரியாது. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குளிரில் பெட்டரியின் வலு குறையும். மலிவான பெட்டரி பழசானால் கசிந்து மணிக்கூட்டையே கெடுத்துவிடும். ஒவ்வொரு ரமழானுக்கும் ஈத்தம்பழம் வாங்கும் நாளில் ஒரு புதுப் பெட்டரியும் வாங்கிப் போடுங்கள்.

இருட்டில் எழும்புகிற உங்களை நம்பித்தான் வீடே தூங்குகிறது. உங்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்ல ஒரு நல்ல மணிக்கூடு இருப்பது ஆடம்பரமல்ல. உங்கள் இரவுகளிலும் விடியல்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.