கைவினைப் பூல் கோல்களின் இணைய ஏலம்

கைவினைப் பூல் கோல்களின் இணைய ஏலம் என்பது, தனி வினைஞர்கள் உருவாக்கும் பூல் ஆட்டக் கோல்களை (கியூக்களை) ஈபே போன்ற இணையத்தளங்களில் ஏலமுறையில் விற்பதைக் குறிக்கும். இம்முறை பல நாடுகளின் சேகரிப்பாளர்களை ஓரிடத்தில் சேர்ப்பதால் ஒரு கோலின் விலை உயரக்கூடும். அதேவேளை, ஓர் ஏலத்தில் கிடைத்த விலை அனைவருக்கும் தெரியவருவதால், அது அவ்வினைஞரின் பிற கோல்களின் மதிப்பையும் பாதிக்கின்றது.

பின்னணி

பூல் கோல் பொதுவாக இரு துண்டுகளைக் கொண்டது. பந்தைத் தொடும் மேல்தண்டு பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனது. கைப்பிடியுள்ள அடித்தண்டில் கருங்காலி, ரோஸ்வுட் போன்ற மரங்களும், முத்துச்சிப்பி, யானைத் தந்தம் முதலியவற்றாலான பதிப்பு வேலைகளும் இடம்பெறுவதுண்டு. கடைசல் பொறி பயன்படுத்தப்பட்டாலும், வடிவமைப்பும் இறுதி வேலையும் ஒரே வினைஞரின் கையில் இருப்பதே இக்கோல்களின் சிறப்பாகும்.

இத்துறையில் மிகவும் புகழ்பெற்றவர் ஜார்ஜ் பலாபுஷ்கா (1912-1975). ரஷ்யாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இவர், 1959 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கோல்கள் செய்யத் தொடங்கினார். 1986 இல் வெளிவந்த 'த கலர் ஆஃப் மணி' திரைப்படத்தில் ஒரு பலாபுஷ்கா கோல் முக்கிய இடம்பெற்றது. படப்பிடிப்பில் பயன்பட்டது உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கோலே ஆயினும், பலாபுஷ்காவின் பெயர் ஆட்டக்காரர் அல்லாதோரிடமும் பரவியது. 1995 இல் ஈபே தொடங்கப்பட்ட பின்னர், இத்தகைய கோல்களைத் தேடுவோர் இணையத்தின் வழியே விற்பனையாளர்களை எளிதில் அடைய முடிந்தது.

ஏல விலை உருவாகும் விதம்

ஈபே ஏலத்தில் ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய உச்சத் தொகையைப் பதிவு செய்யலாம். அத்தொகையின் எல்லைக்குள் தளமே அவருக்காகத் தேவையான அளவு மட்டும் கேள்வியை உயர்த்தும். எனவே இறுதி விலை, வென்றவரின் உச்சத் தொகையை அல்லாமல் இரண்டாம் நிலையில் உள்ளவரின் உச்சத் தொகையையே சார்ந்துள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒரு கோலுக்கு மூவர் முறையே 1,500, 1,200, 900 டாலர் வரை தரத் தயாராக இருப்பதாகக் கொள்வோம். மூவரும் பங்குபற்றினால் கோல் 1,200 டாலருக்குச் சற்று மேல் விலைபோகும். இரண்டாமவர் அந்த வாரம் தளத்தைப் பார்க்காவிட்டால், அதே கோல் 900 டாலருக்குச் சற்று மேல் முடிந்துவிடும். கோலில் எம்மாற்றமும் இல்லை. ஒருவர் வராததே ஏறத்தாழ 300 டாலர் வேறுபாட்டுக்குக் காரணமாகும். கைவினைக் கோல்களை வாங்குவோர் சிலரே ஆதலால், ஒரு தனி ஏலத்தின் விலையை நிலையான மதிப்பாகக் கொள்ள இயலாது.

கடைசி நொடிகளில் கேட்கும் வழக்கமும் விலையைப் பாதிக்கின்றது. ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருட்களுக்கே இவ்வழக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. ஒரு பொருளின் உண்மைத் தன்மையை அறிந்தவர் முன்னதாகவே கேட்டால், அவ்வறிவு மற்றவர்களுக்கும் வெளிப்பட்டுவிடும் என்பது இதற்கு ஒரு விளக்கமாகும்.

வினைஞருக்கு ஏற்படும் விளைவுகள்

வாழும் வினைஞர் தமது கோலுக்குத் தாமே விலை குறிக்கின்றார். மரம் பல ஆண்டுகள் உலர வேண்டியிருப்பதாலும், வேலை மெதுவாக நடப்பதாலும், முன்பதிவு செய்தோர் நெடுநாள் காத்திருப்பது வழக்கம். ஏல விலை அவருடைய விலையைவிடக் கூடினால், அந்த இலாபம் மறுவிற்பனை செய்தவரையே சேரும். எனினும் வினைஞரின் பெயர் உயர்ந்து, அடுத்த கோல்களுக்கு அவர் கூடுதல் விலை கேட்க வழி ஏற்படும்.

ஏல விலை குறைந்தால் விளைவு கடுமையானது. முடிவுற்ற ஏலங்களின் விலையைக் காணும் வாடிக்கையாளர், அதனைவிட அதிகம் தந்து புதிய கோலுக்குக் காத்திருக்க விரும்பமாட்டார். ஒரே நேரத்தில் பல கோல்கள் ஏலத்துக்கு வந்தாலும் இந்நிலை ஏற்படலாம். இவ்வாறு எவரோ ஒருவர் அவசரத் தேவைக்காக விற்ற கோல், வினைஞரின் வருமானத்தையே குறைக்கக்கூடும். இதனால் சிலர் ஏலத்தைத் தவிர்த்து, வணிகர் மூலமோ நேரடியாகவோ நிலைவிலையில் விற்பதை விரும்புகின்றனர்.

போலிகளும் நம்பகத்தன்மையும்

தண்டின் வளைவு, பழுதுபார்த்த இணைப்பு, மீண்டும் பூசப்பட்ட மெருகு ஆகியவற்றைப் படத்தில் மட்டும் பார்த்து அறிவது கடினம். புகழ்பெற்ற வினைஞர்களின் பெயரில் போலிகளும் விற்கப்படுகின்றன. தரத்தை அறிய முடியாத வாங்குவோர் எல்லாப் பொருளுக்கும் விலையைக் குறைத்தே கேட்பர். அதனால் நல்ல பொருள் வைத்திருப்போர் சந்தையைவிட்டு விலகுவர் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970 இல் விளக்கினார். எனவே வினைஞரின் சான்று, உரிமையாளர் வரலாறு, விற்பனையாளரின் நற்பெயர் ஆகியன விலையின் ஒரு பகுதியாகவே அமைகின்றன. பழைய அஞ்சலட்டைகளைக் கொண்டு ஈபேயில் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான சோதனையொன்றில், நற்பெயர் பெற்ற விற்பனையாளருக்குப் புதியவரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது.

சட்டக் கட்டுப்பாடுகள்

தந்தப் பதிப்புள்ள கோல்களின் மதிப்பு சட்டத்தையும் பொறுத்தது. ஈபே 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தந்தப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. ஐக்கிய அமெரிக்கா 2016 இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தது. பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது. ஒரு காலத்தில் விலையை உயர்த்திய இப்பொருட்களே, இன்று ஒரு கோலை இணைய ஏலத்தில் விற்க முடியாமல் செய்யக்கூடும்.