பட்டாவும் மரபணுவும்: கெலமங்கலத்து முன்னோரைத் தேடும் முறை

கெலமங்கலத்துக் குடும்பம் ஒன்றின் நான்கைந்து தலைமுறைகளை ஆவணங்களின் வழியே அறிய முற்படுவோர், அவ்வூரின் பழைய தாள்கள் எந்த மாவட்டத்தின் பெயரில் உள்ளன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த, கெலமங்கலத்தை உள்ளடக்கிய ஓசூர் வட்டாரம், நெடுங்காலம் சேலம் ஜில்லாவிலும் 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்து, 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே பூட்டனாரின் பெயரைக் கிருஷ்ணகிரியில் மட்டும் தேடினால் அது கிட்டாமலே போகக்கூடும்.

சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கூறும் ‘அ’ பதிவேடு ஒரு தொடக்கமே. 1979க்கும் 1987க்கும் இடையே யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டதால், அதற்கு முந்தைய பதிவேட்டையும் பார்த்தாக வேண்டும். இவற்றைக் காட்டிலும் வளமானது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம்: இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பன் பெயர், ஊர், பங்காளிகள், அவரவர் பங்கின் செக்குபந்தி எனும் நான்கெல்லை என ஒரு குடும்பத்தின் கிளைகள் அதில் ஒருசேரக் கிடைக்கின்றன. பெண்களின் பெயரோ, அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தபோதன்றிப் பழைய தாள்களில் அரிதாகவே தென்படுகிறது. இது நம் ஆவணங்களின் பெருங்குறை.

இக்குறையை மரபணுச் சோதனை ஓரளவே ஈடுசெய்கிறது. தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியையும், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் தந்தைவழியையும் காட்ட, ஏனைய குரோமோசோம்களில் இருவருக்குப் பொதுவாக உள்ள துண்டுகளின் மொத்த அளவு, சென்டிமார்கன் என்னும் அலகில் கணக்கிடப்பட்டு, உறவின் நெருக்கத்தை உணர்த்துகிறது. சித்தப்பா மக்கள், மாமன் மக்கள் போன்றோர் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்வர். ஆனால் அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறைதோறும் மணந்துவந்த குடும்பங்களில் ஒரே துண்டு பல வழிகளில் வந்து சேர்வதால், தூரத்து உறவினரும் நெருங்கியவர்போல் கணக்கில் தோன்றுவர். எனவே இங்கே எண்ணை மட்டும் நம்பலாகாது.

ஆவணமும் மரபணுவும் கைகோக்கும் இடமும் உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றோரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவை எழுதப்பட்டன. அவர்களின் வழித்தோன்றல் ஒருவருடைய மரபணு இவ்வட்டாரத்தார் ஒருவருடையதோடு பொருந்துமாயின், அப்பட்டியலில் ‘சேலம்’ என்பதோடு உள்ள தாலுகா, கிராமக் குறிப்பே அடுத்து எந்தக் கிராமத்துப் பதிவேட்டைத் திறப்பது என்பதற்கு வழிகாட்டும்.

உமிழ்நீரைச் சோதனைக்கு அனுப்புமுன், வீட்டு முதியோரிடம் பாட்டிமார் பிறந்த ஊர்களையும் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வகமும் அவற்றைத் தர இயலாது.