பள்ளிக்கடையும் ஆதனவரியும்: ஒரு மலையக நகரின் கணக்கு

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கடைவீதியில் முப்பது வருடத்துக்கு மேல் சாமான் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜுப்பாப் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார்.

"சேர், இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. வாசிக்க ஏலும், ஆனா ஒண்ணும் விளங்குதில்ல. வரி கூடியிருக்கா, இல்லாட்டி கடையே போகப் போகுதா?"

ஒன்று, உள்ளூராட்சி மன்றத்தின் புதிய மதிப்பீட்டு அறிவித்தல். மற்றது, அவர் வாடகைக்கு இருக்கும் பள்ளிக்கடை வரிசையை உடைத்துப் புதிதாகக் கட்ட உத்தேசித்திருப்பதாக நிர்வாகம் எழுதியது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் அவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்துவிட்டார். நான் தமிழ் படித்தவன், சட்டம் படித்தவனல்லன். ஆனாலும் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இது அந்த நானா ஒருவரின் பிரச்சினை அல்ல என்பது தெரிந்தது. அட்டன், நுவரெலியா, தலவாக்கலை என்று மலையக நகரங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர் பலரின் பிரச்சினை இது. எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தால் பிறந்த நகரம்

அட்டனையே எடுத்துக்கொள்வோம். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1884 இல் ரயில்பாதை அட்டனை எட்டியது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இறங்கிவரவும், அரிசியும் துணியும் ஏறிப்போகவும் ஒரு சந்தி தேவைப்பட்டது. அந்தச் சந்திதான் அட்டன். கரையோரத் தமிழகத்திலிருந்து வந்த சம்மான்காரரும், அக்குறணை, கம்பளைப் பக்கத்து முஸ்லிம்களும் அங்கே கடை திறந்தார்கள். அந்த வியாபாரத்தின் நிழலில் பள்ளிகள் எழுந்தன. பள்ளியின் செலவுக்கென்று வசதியுள்ளவர்கள் கடைகளை வக்பு செய்தார்கள்.

நகரின் வருமானம் தோட்டச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. இன்றும் மாதத்தின் பத்தாந் திகதியை ஒட்டி நிரம்பும் வீதி, மாதக் கடைசியில் வெறிச்சோடும். இடைப்பட்ட நாட்களைக் கடன் கொப்பி தாங்குகிறது. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அதில் பாதிகூட இல்லை. இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். 2021 இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடியளவுக்கு இறங்கியது. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மை. இடையில் பொருள் விலை ஏறிய வேகம் கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். டிசம்பர் முதல் மே வரை பாவாத மலைக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. மற்றபடி நகரம் மூச்சுவாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சபைக்கு ஏன் காசு போதாது?

அட்டன்–டிக்கோயா நகரசபையின் எல்லை சிறியது. அதைச் சுற்றித் தேயிலை. அந்த நிலம் பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. தோட்டத்தில் வாழும் பல்லாயிரம் பேர் நகரின் வீதி, சந்தை, பஸ் தரிப்பிடம், மலசலகூடம் எல்லாவற்றையும் பாவிக்கிறார்கள். அவர்கள் போடும் குப்பையையும் நகரசபைதான் அள்ள வேண்டும். ஆனால் ஆதனவரி வருவது எல்லைக்குள் இருக்கும் கடைகளிலும் வீடுகளிலுமிருந்து மட்டுமே.

இதைத் தோட்ட மக்களின் குற்றமாகச் சொல்லவே கூடாது. லயத்துக் காம்பரா அவர்களுக்குச் சொந்தமில்லை. சொந்தமில்லாத வீட்டுக்கு வரி எப்படிக் கட்டுவது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்தவாறு, பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பாதை போடுவதற்குக்கூடத் தடை இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. வரியும் இல்லை, சேவையும் இல்லை என்று ஒரு சமூகத்தையே முப்பது வருடம் உள்ளூராட்சிக்கு வெளியே வைத்ததன் விளைவை, நகரத்துக் குப்பைமேடு வரை இன்று காண்கிறோம்.

அறிவித்தலில் என்ன இருக்கிறது?

நானாவின் முதல் கடிதத்துக்கு வருவோம். ஆதனவரி, சோலைவரி, மதிப்பீட்டு வரி என்று பல பெயரில் அழைத்தாலும் விஷயம் ஒன்றுதான். அதில் இரண்டு எண்கள் உண்டு.

முதலாவது, வருடாந்தப் பெறுமதி. கடையை விற்றால் என்ன கிடைக்கும் என்பதல்ல, வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தார் வந்து அளந்து போடுவது. இரண்டாவது, அந்தப் பெறுமதியில் எத்தனை வீதம் வரி என்று சபை தீர்மானிப்பது.

ஓர் உதாரணம். பெறுமதி 60,000 ரூபா, வரி 10 வீதம் என்றால் வருடத்துக்கு 6,000, காலாண்டுக்கு 1,500. முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு, 5,400 போதும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதக் கழிவு, 1,425. கட்டாமல் விட்டால் நிலுவை சேரும், பிறகு பொருட்களைக் கைப்பற்றும் ஆணைவரை போகலாம்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கவேண்டிய மறுமதிப்பீடு பல இடங்களில் தள்ளித்தள்ளிப் போகிறது. கடைசியில் நடக்கும்போது பெறுமதி ஒரே பாய்ச்சலாகக் கூடுகிறது. நானாவுக்கு நடந்ததும் இதுதான். ஆனால் பெறுமதி இரண்டு மடங்கானால் வரியும் இரண்டு மடங்காகத்தான் வேண்டும் என்பதில்லை. வீதத்தைக் குறைக்கும் அதிகாரம் சபையிடம் இருக்கிறது. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். இப்போது நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வீதத்தைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும்.

பெறுமதியே பிழை என்றால், அறிவித்தலில் குறிப்பிட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். "வரி கூடிப்போச்சு" என்று எழுதிப் பயனில்லை. பக்கத்துக் கடையின் பரப்பு என்ன, பெறுமதி என்ன, என் கடையின் பின்பக்கம் மண் ஈரத்தால் பாவிக்க முடியாமல் கிடக்கிறதா, உண்மையில் என்ன வாடகை கொடுக்கிறேன் என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

மதிப்பீடு நகரின் நிலையோடு பொருந்தாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ரோயிட் ஒரு பாடம். கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த அந்த நகரத்தில் 1950 இல் 18 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். தொழில் போனது, மக்கள் போனார்கள், 2013 இல் நகர நிர்வாகமே வங்குரோத்தானது. 2008க்குப் பின் வீட்டு விலை சரிந்தபோதும் வரி மதிப்பீட்டை அதற்கேற்ப இறக்கவில்லை. ஏழைகள் பெறுமதிக்கு மிஞ்சிய வரி கட்டினார்கள். கட்ட முடியாத பலர் வீட்டையே இழந்தார்கள். மதிப்பீட்டைக் காலத்துக்குக் காலம் சரியாகச் செய்வது, முதலில் ஏழைக்குத்தான் பாதுகாப்பு.

உடைத்துக் கட்டுவது

இரண்டாவது கடிதம் இதைவிடக் கனமானது. கடை வரிசை பழையது. கூரை ஒழுகுகிறது, பின்னால் மண்மேடு நிற்கிறது. கட்டத்தான் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவைப் பார்த்த பிறகு இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு தொடர்பான சிபாரிசு 2011 முதல் தேவைப்படுகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் செல்லுபடியாகும் பகுதியென்றால் அபிவிருத்தி அனுமதியும், கட்டி முடிந்ததும் பாவனைக்கு முன் இணக்கச் சான்றிதழும் வேண்டும். வீதிக்கோட்டுக்கு விடவேண்டிய இடத்தை விட்டால் முன்பக்கம் குறையும். பத்துக் கடை இருந்த இடத்தில் எட்டுக் கடைதான் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவர் யார்?

நானாவின் பயம் இங்கேதான். அவரிடம் இருப்பது மாதாந்த வாடகைப் பற்றுச்சீட்டு. உடன்படிக்கை இல்லை. வாப்பா காலத்தில் கொடுத்த கீ மணிக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகையாளருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பழைய கடைகளின் வாடகை மிகக் குறைவாகவே நின்றுபோனதற்கும், திருத்தப் பணம் இல்லாமல் கட்டடங்கள் இற்றுப்போனதற்கும் அதுவே ஒரு காரணம். வீதியை அகலப்படுத்த அரசு காணியை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் நட்டஈட்டுக்கு உரிய 'அக்கறையுடையவர்' என்ற வரைவிலக்கணத்தில் மாதாந்த வாடகையாளர் சேரமாட்டார். முப்பது வருட வியாபாரம் சட்டத்தின் கண்ணில் ஒரு மாத உரிமைதான். 2001 இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவர்களையும் கவனிக்கச் சொல்கிறது. ஆனால் அது கொள்கைதான், சட்டமல்ல.

வக்பின் பக்கம்

நிர்வாகத்தைக் குறைசொல்வதும் எளிதல்ல. தொழுகைக்குரிய கட்டடத்துக்கு ஆதனவரி விலக்கு உண்டு. ஆனால் வாடகைக்கு விடும் பள்ளிக்கடைக்கு வரி உண்டு. நாற்பது வருடத்துக்கு முந்திய வாடகையை வாங்கிக்கொண்டு இமாமுக்குச் சம்பளமும் மத்ரஸாவுக்குச் செலவும் பார்க்க முடியாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின்படி நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கணக்குக் காட்டவும் வேண்டும். நியாயமான வாடகையைக் கொடுக்காமல் இருப்பதும் வக்பின் ஹக்கைக் குறைப்பதுதான். இதை நானாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரிதான் சேர்" என்றார்.

நம் வரலாறு இந்தச் சிக்கலை முன்பே கண்டிருக்கிறது. இஸ்தான்புல்லில் பெருந்தீக்களால் வக்புக் கடைகள் எரிந்தபோது மீளக் கட்ட வக்பிடம் பணமில்லை. 'இஜாரதைன்', அதாவது இரட்டை வாடகை என்ற முறை வந்தது. வாடகையாளர் கட்டுவதற்கான பெருந்தொகையை முதலில் கொடுப்பார், பிறகு சிறு வாடகை தொடரும். கட்டடம் எழுந்தது. ஆனால் காலப்போக்கில் சொத்து வக்பின் கையைவிட்டு வாடகையாளர் கைக்கே போனதுபோல் ஆனது. நம் கீ மணி ஏறக்குறைய இதேதான். வித்தியாசம், அவர்கள் எழுதிவைத்தார்கள், நாம் எழுதுவதில்லை.

அண்மைய உதாரணம் சிங்கப்பூர். பென்கூலன் வீதியில் பழைய பள்ளியும் வக்புக் காணியும் இருந்த இடத்தில், 2001ஐ ஒட்டி 3.5 கோடி சிங்கப்பூர் டொலர் சுகூக் முறையில் திரட்டி, புதிய பள்ளியோடு வர்த்தகக் கட்டடத்தையும் கட்டினார்கள். வட்டியில்லாமல் பங்காளர்களாகச் சேர்ந்து கட்டலாம் என்பதற்கு அது சான்று. அந்த அளவு நமக்கு வராது. ஆனால் பத்துக் கடைக்காரரும் பள்ளியும் பங்காளிகளாவது நம் அளவுக்கு உட்பட்டதே.

செய்யக்கூடியவை

உடைப்பதற்கு முன் நான்கு விஷயங்கள் எழுத்தில் வரவேண்டும். இப்போதிருக்கும் வாடகையாளர் பட்டியல், பழைய கீ மணி உட்பட. திரும்பி வரும் உரிமை யாருக்கு, கடை குறைந்தால் எந்த முறையில் தெரிவு. கட்டும் காலத்தில் தற்காலிகமாகக் கடை போட எங்கே இடம். புதிய வாடகை எவ்வளவு, எப்போது திருத்தப்படும், ஆதனவரியை யார் கட்டுவது. கட்டடம் புதிதானால் வருடாந்தப் பெறுமதியும் உயரும் என்பதை மறக்கக்கூடாது. வாடகையும் வரியும் ஒரே நாளில் ஏறினால், கடன் கொப்பியில் உயிர்வாழும் சிறு கடைக்காரர் தாங்கமாட்டார். அவர் போனால் தோட்டத்து அம்மாவுக்குச் சம்பள நாள் வரை அரிசி கடன் கொடுக்கவும் ஆளிருக்காது.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சி வைப்பது பற்றியது. அதை ஓதும் பள்ளியின் கடைகளில்தான் எழுத்து இல்லாமல் இருக்கிறது.

நானாவின் ஆட்சேபனைக் கடிதத்தை இருவருமாக இருந்து எழுதி, திகதிக்கு முன் கொடுத்தோம். வருடாந்தப் பெறுமதி கொஞ்சம் குறைந்து வந்தது. பள்ளி நிர்வாகத்துக்கும் ஏழு கடைக்காரர் கையொப்பமிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூன்று பேர் கையொப்பமிடப் பயந்தார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. வாடகையாளர் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று சென்ற வெள்ளிக்கிழமை நானா சொன்னார்.