சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா?

மொத்த அரிசி வியாபாரி ஒருவர் இரண்டு ஆலைகளிலிருந்து கொள்வனவு செய்கிறார். ஒவ்வோர் ஆலையின் அரிசியிலும் 10 மூடைகளை எழுந்தமானமாக எடுத்து, கல், உமி, குறுநல் ஆகியவற்றைப் பிரித்து நிறுத்துப் பார்க்கிறார் என வைத்துக்கொள்வோம். முதலாவது ஆலையின் மூடையில் சராசரியாக 900 கிராம் கழிவு. இரண்டாவதில் 1,100 கிராம். உடனே இரண்டாவது ஆலைக்காரருடனான கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடலாமா?

அவசரம் வேண்டாம். ஒரே ஆலையின் மூடைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கையில் அகப்பட்டவை தற்செயலாக மோசமானவையாக இருந்திருக்கலாம். வீண்பழி சுமத்தி நல்ல வாடிக்கையை இழப்பதும் நட்டமே.

இதற்குப் புள்ளிவிபரவியலில் ஒரு வழியுண்டு. டப்ளின் நகரின் பியர் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய வில்லியம் கொசெட், சில மாதிரிகளை மாத்திரம் வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் இதற்கு அடித்தளமிட்டார். 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் அதனை வெளியிட்டார். இன்று இது 'டீ' சோதனை எனப்படுகிறது.

முதலில் 'இரு ஆலைகளுக்குமிடையே வித்தியாசமில்லை' என்றே கருத வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பதைப் போன்றது இது. பின்னர், கண்ட வித்தியாசத்தை, தற்செயலாக ஏற்படக்கூடிய தளம்பலால் வகுக்க வேண்டும்.

மூடைக்கு மூடை உள்ள நியம விலகல் இரு ஆலைகளிலும் 400 கிராம் எனில், அந்தத் தளம்பல் சுமார் 179 கிராம். 200ஐ 179ஆல் வகுத்தால் 1.1. பத்துக்குப் பத்து மூடைகளுக்கு, வழமையான 5 சதவீத மட்டத்தில் அட்டவணை கேட்பது 2.1. எனவே குற்றம் நிரூபணமாகவில்லை. விலகல் 150 கிராம் மட்டுமெனில் விடை ஏறக்குறைய 3. வித்தியாசம் உண்மையானதென ஏற்கலாம். விலகல் 400 ஆகவே இருந்து, 40 மூடைகள் வீதம் பார்த்தும் அதே வித்தியாசம் வந்தால் விடை 2.2, அப்போதும் ஏற்கலாம். சராசரிகள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது!

எக்ஸெல் மென்பொருள் இக்கணக்கை நொடியில் செய்யும். ஆனால் மூன்று விடயங்களை மறக்கக்கூடாது. இரு தொகுதிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும்; ஒரே மூடையைச் சுத்திகரிக்க முன்னும் பின்னும் நிறுப்பதற்கு வேறு முறையுண்டு. 'நிரூபணமாகவில்லை' என்பது 'இரண்டும் சமம்' என்பதல்ல; இன்னும் சில மூடைகளைப் பாருங்கள் என்பதே. வித்தியாசம் உண்மையென்றாலும், மூடைக்கு 200 கிராம் எத்தனை ரூபா என்பதையும், ஆலைகளின் விலை வித்தியாசத்தையும் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.