கடல் கடந்த கணவரும் கரையில் நின்ற மனைவியும்

யுத்தம் என்றவுடன் பீரங்கியும் வெடிகுண்டும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் பீரங்கிச் சத்தமே கேளாத ஒரு கிராமத்தில், திண்ணையோரம் நின்று தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் ஒரு ஸ்திரீயின் வாழ்வையும் யுத்தம் குலைத்துவிட வல்லது. தேசங்கள் ஒன்றோடொன்று பகைத்துக்கொள்ளும்போது முதலில் அடைபடுவது துறைமுகம். கடைசியாகத் திறப்பது, கணவனிடம் மனைவி போய்ச் சேர்வதற்கான அனுமதிச் சீட்டை வழங்கும் அலுவலகத்தின் கதவு. இந்த உண்மையைச் சேலம், நாமக்கல் சமவெளியின் மக்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை, அனுபவித்தே அறிந்தார்கள்.

சேலம் ஜில்லா வானம் பார்த்த பூமி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. சோளமும் கம்பும் பொய்த்த காலங்களில் கங்காணியின் பின்னே புறப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், நாகப்பட்டணம் வழியாக மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றவர்களில் சேலம் ஜில்லாவாசிகள் ஏராளம். 1907-ஆம் வருஷம் மலாய் நாட்டில் முதலாளிகளிடம் வரி வசூலித்து ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆண்மகன் முன்னே போவதும், இரண்டொரு வருஷம் கழித்து வந்து மனைவியை அழைத்துப் போவதும், பிரசவத்துக்கு அவள் ஊர் திரும்புவதும் சாதாரணம். கடல் அவர்களுக்கு ஒரு பெரிய ஆறு போலத்தான் இருந்தது.

அந்த ஆற்றில் முதல் அணையைப் போட்டது யுத்தம் அன்று, நமது கௌரவம். மலாய் நாட்டில் கூலியைக் குறைத்ததனால் 1938-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்நாட்டுக்கும், இலங்கைச் சர்க்கார் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கத் தலைப்பட்டதனால் 1939-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அத்தீவுக்கும், உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதை இந்திய சர்க்கார் தடுத்தார்கள். தேசத்தின் மானத்தைக் காக்கச் செய்த காரியந்தான். ஆயினும், அடுத்த வருஷம் கணவன் வந்து அழைத்துப் போவான் என்று மூட்டை கட்டி வைத்திருந்தவளுக்கு அதனால் நேர்ந்த கஷ்டம் பொய்யாகிவிடாது.

அதற்குள் உலக யுத்தம் மூண்டது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று முதல் மூன்றரை வருஷம் கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை, கப்பலும் இல்லை. தோட்டங்களில் இருந்த தமிழர்களில் பல்லாயிரவர் சயாம்-பர்மா ரெயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர் பலர். நெற்றிக் குங்குமத்தை வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று அறியாமல் இங்கே எத்தனை பெண்கள் அந்த வருஷங்களைக் கழித்திருப்பார்கள்! கணவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கும் சாட்சியில்லை. இறந்தான் என்பதற்கும் சாட்சியில்லை.

யுத்தம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. வென்ற தேசத்தாருக்கு அப்படித்தான் ஆயிற்று. 1945 டிசம்பர் 28-ஆம் தேதி அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, அந்நிய தேசங்களில் தன் போர்வீரர் மணந்த பெண்கள் வந்து சேர வழி செய்தது. அவர்களை ஏற்றி வரக் கப்பல்களையும் அனுப்பிற்று. தோட்டத் தொழிலாளியின் மனைவிக்கு அத்தகைய கப்பலை அனுப்புவார் யார்?

கப்பல் வராதது மட்டுமல்ல. பிரிந்திருந்த காலமே அவள்மேல் குற்றமாக ஏறிற்று. இலங்கையில் 1949-ஆம் வருஷத்தின் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜா உரிமைச் சட்டம் முதலில் வகுத்த ஷரத்துகளைப் பாருங்கள். மணமானவர், 1946 ஜனவரி முதல் தேதிக்கு முந்தைய 7 வருஷங்களும் இலங்கையில் இடையறாது வசித்தவராக இருக்க வேண்டும். அது போதாது, அவருடைய மனைவியும் மணமான ஒரு வருஷத்துக்குள் இலங்கைக்கு வந்து, அன்று முதல் தொடர்ந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும். அந்த 7 வருஷங்கள் எவை? 1939 முதல் 1945 வரை. யுத்த காலம் முழுவதும் அவற்றுள் அடக்கம். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், 9-ஆம் தேதி திரிகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அப்போது, 'குழந்தைகளோடு ஊருக்குப் போய்ப் பத்திரமாய் இரு' என்று ஒருவன் மனைவியை அனுப்பி வைத்திருந்தால், அந்தப் பரிவே பின்னால் அவன் விண்ணப்பத்தைக் கெடுக்கப் போதுமானதாயிற்று. சுமார் 8 லட்சம் பேர் பிரஜா உரிமை கோரினர். பெற்றவர் சுமார் 1,34,000 பேர்தாம். மற்றவர்களின் கதியை 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் நிர்ணயித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று அதில் எழுதப்பட்டது.

மலாய் நாட்டிலும் அதே கணக்குத்தான். 1953-இல் புதிய குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. 1959-ஆம் வருஷத்துச் சட்டமோ, கணவனைப் பிரிந்து தொடர்ந்து 5 வருஷம் வாழ்ந்த மனைவிக்கும், 15 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் கதவை அடைத்துவிட்டது. பிரிந்து வாழ்ந்தவர்கள் விரும்பியா பிரிந்தார்கள், வறுமையாலும் தடைகளாலும் பிரிந்தார்களா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

பழைய கதைதானே என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1983-இல் இலங்கையில் இனக் கலவரம் மூண்டது. மறு வருஷம் தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் நின்றுபோயிற்று. அகதிகளாக வந்தவர்களின் முகாம்கள் இதே சேலம், நாமக்கல் பகுதியிலும் அமைந்தன. இந்தியப் பிரஜையை மணந்த அந்நியர், 7 வருஷம் இங்கு வசித்த பின் பதிவு மூலம் பிரஜையாகலாம் என்கிறது நமது 1955-ஆம் வருஷத்துச் சட்டம். ஆனால் சட்ட விரோதமாகக் குடியேறியவர் என்று கருதப்படுபவருக்கு அவ்வழி இல்லை. உயிர் தப்பி ஓடி வந்தவர் கையில் முறையான அனுமதிச் சீட்டு எங்கிருந்து வரும்? 2022-இல் உக்ரேனில் போர் மூண்டபோது, அமெரிக்காவில் குடியேறக் காத்திருந்த உக்ரேனியரின் விண்ணப்பங்கள் ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகருக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொலைகளுக்குப் பிறகு பாகிஸ்தானியருக்குத் தந்த விசாக்களை இந்தியா ரத்துச் செய்தபோது, நீண்ட கால விசா பெற்றிருந்தவர்களுக்கு விலக்கு அளித்தது. அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன. தேசத்தின் பாதுகாப்பைக் கைவிடாமலே தாம்பத்தியத்தையும் காக்கலாம் என்பதற்கு அந்த விலக்கே சாட்சி.

ஆகவே, அயல்நாட்டில் இருக்கும் வரனுக்குப் பெண் கொடுப்போர் ஜாதகத்தோடு தஸ்தாவேஜுகளையும் கவனித்தல் நலம். அக்காலத்துக் கிராமத்து மணங்களுக்குப் பந்தலில் இருந்தோரே சாட்சி. ஏட்டில் பதிவு கிடையாது. இன்று தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு மணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதைத் தள்ளிப் போடலாகாது. பதிவுச் சான்று, பிரயாணச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, கடிதம் ஆகிய யாவும் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். தூதரகம் மூடப்படும் நாளில் அவையே பேசும்.

குடும்பத்தின் கடமை அது. சர்க்காரின் கடமை வேறொன்று உண்டு. போரினால் பிரிந்திருந்த காலத்தைப் பிரிவாகக் கணக்கிடக் கூடாது என்ற ஒரு வரி, பிற நாடுகளோடு நாம் செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், நமது சொந்தச் சட்டத்திலும் இடம்பெற வேண்டும். சேலம் ஜில்லாப் பெண்கள் கரையில் நின்று காத்திருந்தார்களேயன்றிக் கணவரைத் துறக்கவில்லை. காத்திருந்ததைக் கைவிட்டதாக எழுதிக்கொள்ளும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது நியாயமாகாது.