கத்தி வாயில் ஒரு முக்கோணம்

வடசென்னை ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மீன் வெட்டித் தருகிறவர்களின் கையைக் கவனியுங்கள். வஞ்சிரத்தைக் கட்டையில் கிடத்தித் துண்டு போடுவதற்குக் கனத்த கத்தி. சங்கராவைச் சுத்தம் செய்து கீறுவதற்கு அரிவாள்மணை. முன்னது நடுமுள்ளைத் துண்டிக்க வேண்டும்; பின்னது தோலையும் தசையையும் அறுத்தால் போதும். இரண்டும் எஃகுதான். கனத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அவற்றின் வேலையைப் பிரிப்பது கத்தி வாயின் கடைசி ஒரு மில்லிமீட்டரில் இருக்கும் கோணம்.

கத்தி ஓர் ஆப்பு. இரண்டு பக்கச் சரிவுகளும் கூடும் விளிம்பைத்தான் வாய் என்கிறோம். ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரி சாய்ந்திருந்தால் வாயின் மொத்தக் கோணம் 30 டிகிரி. கோணம் குறையக் குறைய ஆப்பு ஒல்லியாகும். தசையை இரு பக்கமும் விலக்க ஆகும் விசையும் குறையும். ஆனால் ஒல்லியான விளிம்பு முள்ளில் மோதினால் மடங்கும், அல்லது பொடிந்துபோகும். அதனால்தான் மீன் சதையைத் தகடாக உரிக்கும் கத்திக்குப் பக்கத்துக்கு 12 முதல் 15 டிகிரி, சமையலறைக் கத்திக்கு 15 முதல் 20, எலும்பு வெட்டும் கத்திக்கு 25 அல்லது அதற்கு மேல் என்று வைக்கிறார்கள். கூர்மையைக் கூட்டினால் உறுதி குறையும், உறுதியைக் கூட்டினால் கூர்மை குறையும். கோணம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

அந்த விளிம்பு எவ்வளவு நொய்மையானது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான தலைமுடி, சவரக் கத்தியின் வாயைப் பொடிப்பதை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகப் பார்த்தார்கள். முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு தெறிக்கிறது. முடிக்கே இப்படியென்றால், நாள் முழுவதும் முள்ளோடு போராடும் கத்திக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அது மழுங்குவதைத் தடுக்க முடியாது. சாணை பிடித்துத்தான் ஆக வேண்டும்.

சாணையில் முதல் எதிரி சூடு. 150 மி.மீ. விட்டமுள்ள உலர் சாணைச் சக்கரம் மின்மோட்டாரில் நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடும். தீப்பொறி பறக்கும். கத்தியின் உடல் கைக்கு இதமாக இருக்கும்போதே, தாள்போல் மெலிந்த வாய் பல நூறு டிகிரி சூடேறிவிடலாம். கார்பன் எஃகு 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் கொள்ளும். 300ஐ நெருங்கினால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த வாயில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் சீக்கிரம் மழுங்கும்.

தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சாணை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. 1973இல் தொடங்கிய சுவீடனின் டார்மெக் நிறுவனம் இந்த வகை இயந்திரத்தை உலகெங்கும் பரப்பியது. அதன் பெரிய இயந்திரத்தில் 250 மி.மீ. விட்டமுள்ள கல், நிமிடத்துக்கு 90 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர்தான். பொறி இல்லை, நீலம் இல்லை.

இனிமேல்தான் கோணத்தின் அழகு தொடங்குகிறது. இந்த இயந்திரத்தில் கத்தியின் முதுகை ஒரு கவ்வி பிடித்திருக்கும். கவ்வி, கல்லுக்கு இணையாக ஓடும் ஒரு கம்பியின் மேல் சாய்ந்து நகரும். கல்லின் மையம், கத்தி வாய் கல்லைத் தொடும் புள்ளி, கம்பி ஆகிய மூன்றையும் மனத்தில் இணைத்துப் பாருங்கள்: ஒரு முக்கோணம். அதன் ஒரு பக்கம் கல்லின் ஆரம். இன்னொன்று கம்பியிலிருந்து கத்தி வாய் வரையுள்ள நீட்டம். மூன்றாவது, கல்லின் மையத்திலிருந்து கம்பி வரையுள்ள தொலைவு. மூன்று பக்கங்களும் நிலைத்துவிட்டால் முக்கோணம் நிலைத்துவிடும். கோணமும் தானாக நிலைத்துவிடும். கையின் நடுக்கத்துக்கு அங்கே வேலை இல்லை.

கவ்வியின் நுண்ணளவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். ஆரம் 125 மி.மீ., நீட்டம் 140 மி.மீ., வேண்டிய கோணம் பக்கத்துக்கு 15 டிகிரி. பள்ளிக்கூட முக்கோணவியல், கம்பியை மையத்திலிருந்து ஏறத்தாழ 210 மி.மீ. தொலைவில் வை என்கிறது. கல் தேய்ந்து விட்டம் 240 மி.மீ. ஆனபின் கம்பியை நகர்த்தாமல் விட்டால், அதே கத்திக்குக் கிட்டத்தட்ட 18 டிகிரி விழும். 200 மி.மீ. வரை தேய்ந்தபின்னும் நகர்த்தாவிட்டால் 30ஐத் தாண்டிவிடும். மீன் கத்தி எலும்புக் கத்தியாகிவிடும். விட்டம் 240 ஆனதுமே கம்பியை 4 மி.மீ. தாழ்த்தியிருந்தால் 15 டிகிரி அப்படியே கிடைத்திருக்கும். கத்தியை 2 மி.மீ. கூடுதலாக வெளியே நீட்டிக் கவ்வினாலும் கோணம் ஒரு டிகிரிக்கு மேல் குறையும். ஆண்டுக்கணக்கில் தீட்டித் தீட்டி அகலம் குறைந்த கத்தியில் நீட்டம் சுருங்கும், கோணம் கூடும். எனவே கல்லின் விட்டம், கத்தியின் நீட்டம் இரண்டையும் ஒவ்வொரு முறையும் அளந்தே தீர வேண்டும்.

வட்டக் கல்லில் தீட்டினால் சரிவு குழிந்துபோகாதா என்ற கேள்வி வரலாம். குழியும். ஆனால் 1.2 மி.மீ. அகலச் சரிவில், 250 மி.மீ. கல் ஏற்படுத்தும் குழியின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கைக்கூடத் தொடாது. கத்திக்கு அதை மறந்துவிடலாம்.

இத்தனை துல்லியம் எதற்கு? 15 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டை மீன் உணராது. கத்தியைக் கீழே அழுத்தும் அளவுக்கே வாயின் நீளவாக்கிலும் இழுத்து அறுத்தால், 15 டிகிரி வாய் 11 டிகிரி வாய்போல் வேலை செய்கிறது. அரிவாள்மணையில் மீனை வைத்து இழுக்கும் பெண்களின் கை இந்த உண்மையின் மேல்தான் நகர்கிறது. ஆகவே துல்லியத்தின் பயன் எண்ணில் இல்லை. அடுத்த முறையும் அதே எண்ணுக்குத் திரும்புவதில் இருக்கிறது.

15 டிகிரியில் தீட்டிய கத்தியை அடுத்த முறை 13இல் வைத்தால், கல் முதலில் சரிவின் தோள்பட்டையைத்தான் தொடும். வாயை எட்டுவதற்குள் வீணாக எஃகு கரைந்துபோகும். 17இல் வைத்தால் வாய் உடனே கூராகும். ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படிக் கூடிக்கொண்டே போனால் ஆப்பு பருத்து, வெட்டுவதற்குக் கை வலிக்கும். அதே கோணத்துக்குத் திரும்பினால் மழுங்கிய விளிம்பு மட்டும் நீங்கும். சில இழுப்புகளில் மறுபக்கம் பிசிறு எழும்; அதை நீக்கினால் வேலை முடிந்தது. கத்தியின் ஆயுள் கூடுகிறது.

திரும்பிவிட்டோமா என்று அறிய எளிய வழி, சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி ஒருமுறை கல்லில் இழுப்பது. மை முழு அகலத்துக்கும் போனால் கோணம் சரி. வாயருகில் மட்டும் போனால் கோணம் கூடுதல். தோள்பட்டையில் மட்டும் போனால் குறைவு. ஆய்வகங்களில் லேசர் கற்றையை வாய்க்கு நேரெதிரே பாய்ச்சுகிறார்கள். 15 டிகிரிச் சரிவு ஒளியை 30 டிகிரி திருப்பும். கோணம் இரட்டிப்பாகத் தெரிவதால் சின்னப் பிழையும் மறையாது.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துச் சாணை பிடிப்பவர் இந்த முக்கோணத்தை மணிக்கட்டில் வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதன் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் கத்தியை நம்பிப் பிழைக்கும் ஒவ்வொருவரும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. சீரான ஒரு கம்பி, நழுவாத ஒரு கவ்வி, மில்லிமீட்டர் குறித்த ஓர் அளவுகோல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்: வடசென்னையின் எந்த லேத் பட்டறையும் இவற்றைச் செய்து தரும். மீன் வெட்டுமிடத்தின் அருகே அப்படி ஒரு பொதுச் சாணை நின்று, ஒவ்வொரு கத்திக்கும் உரிய நீட்டமும் கோணமும் சுவரில் எழுதப்பட்டிருந்தால், வெட்டுபவரின் தோள்வலியும் கத்திக்காகும் செலவும் குறையும். பள்ளியில் படித்த முக்கோணம் உழைப்பவர் கைக்கு நேராக உதவும் இடங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. செய்து பார்க்க வேண்டியதும்கூட.