லெகோ குழுமம்

லெகோ குழுமம் என்பது டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஆகும். ஒன்றோடொன்று பொருந்தும் நெகிழிக் கட்டைகளே இதன் முதன்மை உற்பத்திப் பொருள். 1932 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பங்குச் சந்தைக்குச் செல்லாமல் நிறுவனரின் குடும்பத்தின் கட்டுப்பாட்டிலேயே இருந்து வருகிறது. கேளிக்கைப் பூங்கா, திரைப்படம், கணினி விளையாட்டு, கல்விக் கருவி எனப் பல துறைகளில் லெகோவின் பெயர் பரவியுள்ளது. இத்தகைய விரிவாக்கமே 2000களின் தொடக்கத்தில் நிறுவனத்தைத் திவாலாகும் நிலைக்குக் கொண்டு சென்றது. பின்னர் அதை மீட்டதும் வேறொரு வகை விரிவாக்கமே.

தோற்றம்

ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் ஒரு தச்சர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கட்டட வேலைகள் குறைந்ததால் மரத்தாலான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். 1934 இல் சூட்டப்பட்ட லெகோ என்னும் பெயர், "நன்றாக விளையாடு" எனப் பொருள்படும் இரு டேனியச் சொற்களின் சுருக்கமாகும். 1949 இல் வெளிவந்த நெகிழிக் கட்டைகள், கிடிகிராப்ட் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் கட்டைகளைத் தழுவியவை. அவை உறுதியாகப் பிடித்து நிற்கவில்லை. கட்டையின் உட்புறம் குழாய்களை அமைத்து, கீழுள்ள கட்டையின் குமிழ்களை அவை இறுகப் பற்றுமாறு செய்ததே தீர்வாயிற்று. இதற்கான காப்புரிமை 1958 சனவரி 28 அன்று கோரப்பட்டது. அன்று வார்க்கப்பட்ட கட்டை இன்றைய கட்டையுடனும் பொருந்தும். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வழிகளில் இணைக்கலாம்.

1960 இல் மரப் பொருட்கள் இருந்த கிடங்கு தீக்கிரையானது. ஓலேயின் மகன் கோட்பிரெட் மரப் பொருட்களை அத்தோடு கைவிட்டு, கட்டைகளில் மட்டுமே கவனம் செலுத்த முடிவு செய்தார்.

பூங்காக்களும் காப்புரிமை முடிவும்

ஆலையைக் காண வந்தோரின் எண்ணிக்கை பெருகியதை அடுத்து, 1968 இல் பில்லுண்டில் முதல் லெகோலாந்து பூங்கா திறக்கப்பட்டது. கட்டைக்கு அப்பால் குழுமம் எடுத்து வைத்த முதல் பெரிய அடி இது.

அடிப்படைக் காப்புரிமைகள் 1970களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு நாட்டிலும் காலாவதியாயின. கட்டையின் வடிவத்தை வணிகக் குறியாகக் காக்கும் முயற்சியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005 இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இலும் ஏற்கவில்லை. ஆகவே கட்டையை யாரும் செய்யலாம். லெகோ என்னும் பெயரை மட்டும் பயன்படுத்த இயலாது. குழுமம் தன் பெயரைப் பிற துறைகளுக்குக் கொண்டு செல்ல முனைந்ததன் பின்னணியில் இதற்கும் பங்குண்டு.

நெருக்கடி

மூன்றாம் தலைமுறையினரான கெல்ட் கிர்க் கிறிஸ்டியான்செனின் தலைமையில் 1990களில் உடைகள், கைக்கடிகாரங்கள், மென்பொருள்கள் என விரிவாக்கம் வேகமடைந்தது. இங்கிலாந்து (1996), கலிபோர்னியா (1999), செருமனி (2002) ஆகிய இடங்களில் பூங்காக்கள் எழுந்தன. 2002 இல் வெளிவந்த கலிடோர் தொலைக்காட்சித் தொடரின் பொம்மைகள் கட்டைகளோடு பெரிதும் தொடர்பற்றவை. அவை விற்பனையில் தோல்வியடைந்தன. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் குழுமமே முதலிட்டு நடத்தியது என்பதே சிக்கலின் மையம்.

கட்டைகளிலும் கட்டுப்பாடு தளர்ந்தது. வடிவமைப்பாளர்கள் விரும்பியவாறு புதிய உறுப்புகளைச் சேர்த்ததால், 2004 அளவில் உறுப்பு வகைகள் 12,000ஐத் தாண்டின. ஒவ்வொரு புதிய வடிவத்துக்கும் விலையுயர்ந்த எஃகு வார்ப்பச்சு தேவை. ஒரேயொரு பெட்டியில் மட்டும் பயன்படும் உறுப்பு அச்செலவை ஈடுகட்டுவது அரிது. ஸ்டார் வார்ஸ், ஹாரி பாட்டர் படங்களை ஒட்டிய பெட்டிகள் நன்கு விற்றன. ஆனால் புதிய படம் வராத 2003 இல் அவற்றின் விற்பனையும் சரிந்தது. 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெரும் இழப்பு ஏற்பட்டது.

2004 இல் கெல்ட் பதவி விலகி, 35 வயதான யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப்பைத் தலைமைச் செயல் அதிகாரியாக்கினார். குடும்பத்துக்கு வெளியிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் இவரே. கெல்ட் தம் சொந்தப் பணத்தையும் நிறுவனத்தில் இட்டார். உறுப்பு வகைகள் சுமார் 7,000 ஆகக் குறைக்கப்பட்டன. பூங்காக்கள் 2005 இல் பிளாக்ஸ்டோனின் மெர்லின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. குடும்பம் மெர்லினில் ஏறத்தாழ 30% பங்கை வைத்துக்கொண்டது.

உரிமம் வழி விரிவாக்கம்

இதன் பின்னர், பிறர் தொழிலைப் பிறரிடமே விட்டு உரிமம் வழங்கும் முறை வலுப்பெற்றது. 2005 இல் வெளியான லெகோ ஸ்டார் வார்ஸ் கணினி விளையாட்டை டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2014 இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட லெகோ திரைப்படம் உலகளவில் சுமார் 47 கோடி அமெரிக்க டாலர் வசூலித்தது.

பயனர்களிடமும் இதே நெகிழ்வு காட்டப்பட்டது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகளை ஒட்டி 1998 இல் வெளிவந்த மைண்ட்ஸ்டோர்ம்ஸ் என்னும் எந்திரன் தொகுதியின் நிரலை ஆர்வலர்கள் சில வாரங்களிலேயே பகுத்தறிந்து, தம் சொந்த மென்பொருளை எழுதினர். வழக்குத் தொடர்வதா என்னும் தயக்கத்துக்குப் பின் நிறுவனம் அதை அனுமதித்தது. இம்முடிவே அத்தொகுதிக்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம். அது 2022 இறுதியில் நிறுத்தப்பட்டது.

குடும்ப உரிமை

குழுமத்தின் 75% பங்குகள் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான கிர்க்பியிடமும், 25% லெகோ அறக்கட்டளையிடமும் உள்ளன. நான்காம் தலைமுறையினரான தாமஸ் கிர்க் கிறிஸ்டியான்சென் 2020 இல் குழுமத்தின் தலைவரானார்.

பிற துறைகளுக்கான பெரும் முதலீடுகளைக் கிர்க்பியே செய்கிறது. அவற்றின் இடர் கட்டை ஆலையைத் தாக்குவதில்லை. 2022 இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தில் கிர்க்பி 100 கோடி டாலர் முதலிட்டது. நெருக்கடியில் விற்ற பூங்காக்களும் இவ்வழியே ஓரளவு திரும்பின. பிளாக்ஸ்டோன், கனடிய ஓய்வூதிய நிதியம் ஒன்று ஆகியவற்றுடன் சேர்ந்து 2019 இல் மெர்லினை வாங்கியபோது, கிர்க்பி அதன் பாதிப் பங்கைப் பெற்றது.